‘அப்பா வரட்டும், சொல்கிறேன்’

“ஆணுக்கு முரட்டுத்தனம் ரத்தத்திலேயே ஊறியது. அதனால்தான் குழந்தையைப் பார்த்துக்கொள்வது எங்கும் பெண்ணின் வேலையாயிற்று. இதில் பண்பாடு, சமூகம் என்று பேச என்ன இருக்கிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள். பலர் மனத்தில் இருக்கும் கேள்விதான். அதன் நடுவில் உட்கார்ந்திருக்கும் ‘அதனால்தான்’ என்ற சொல்லோடு மட்டும் எனக்கு வழக்கு உண்டு. குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். தொட்டிலிலிருந்து தந்தையைத் தள்ளி நிறுத்தியதும், அவன் கையில் பிரம்பைக் கொடுத்ததும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு பக்கங்கள் என்பதே நான் வந்து சேர்ந்த முடிவு. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு மாலைப் பொழுதைப் பாருங்கள். நான்கு வயதுப் பையன் கண்ணாடித் தம்ளர் ஒன்றைப் போட்டு உடைத்துவிட்டான். அம்மாவுக்குக் கோபம் வந்தது, அடிக்கவில்லை. “அப்பா வரட்டும், சொல்கிறேன்” என்றாள். அவ்வளவுதான். அடுத்த இரண்டு மணி நேரம் பையன் விளையாடுகிறான், நடுநடுவே வாசற்கதவைத் திரும்பிப் பார்க்கிறான். தாழ்ப்பாள் ஓசை கேட்டதும் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். வந்தவரோ களைத்து வந்திருக்கிறார். தம்ளர் உடைந்ததை அவர் பார்க்கவில்லை, அவருக்குக் கோபமும் இல்லை. ஆனாலும் ஒரு வேலை அவருக்காகக் காத்திருக்கிறது. கோபத்தை வரவழைத்துக்கொண்டாவது அதைச் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் “எல்லாம் நீங்கள் கொடுக்கும் இடம்” என்ற பேச்சு வரும். இப்படி ஆயிரம் மாலைகள் கழிந்த பிறகு அதே மனிதர் என் எதிரில் உட்கார்ந்து, “பையன் என்னிடம் வாயே திறப்பதில்லை சார், எல்லாம் அவன் அம்மாவிடம்தான்” என்று குறைப்பட்டுக்கொள்கிறார். வீட்டுப் போலீஸ்காரரிடம் யார் மனம்விட்டுப் பேசுவார்கள்?

இந்த வேலையை அவருக்குக் கொடுத்தது அவர் உடம்பு அல்ல. ஆண்மையைப் பற்றி நாம் வைத்திருக்கும் ஒரு விசித்திரமான கணக்கு. பெண் வளர்ந்தால் பெண்ணாகிவிடுகிறாள் என்று பெரும்பாலான சமூகங்கள் எடுத்துக்கொள்கின்றன. ஆண் வளர்ந்தால் மட்டும் போதாது. தன்னை நிரூபிக்க வேண்டும். நிரூபித்தது நிலைக்கும் என்றும் இல்லை, ஒரே ஒரு சொல்லில் பறிபோகலாம். “நீயெல்லாம் ஒரு ஆணா?” என்று கேட்டால் போதும், ஐம்பது வயதுக்காரருக்கும் முகம் சிவக்கிறது. “நீயெல்லாம் ஒரு பெண்ணா?” என்பதும் வசைதான். ஆனால் அது அவள் ஒழுக்கத்தையோ பரிவையோ கேள்வி கேட்கிறதே தவிர, அவள் பெண் என்ற இருப்பையே அசைப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் ஜோசஃப் வாண்டெல்லோவும் ஜெனிஃபர் பாசனும் 2008 முதல் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். ‘எந்நேரமும் ஆட்டம் காணும் ஆண்மை’ என்று அவர்கள் கருத்தைத் தமிழில் சொல்லலாம்.

அவர்கள் செய்த சோதனைகளில் ஒன்று என் மனத்தைவிட்டு நீங்குவதில்லை. ஆண்களில் ஒரு சாராரிடம் பொம்மைத் தலை ஒன்றைக் கொடுத்து அதன் கூந்தலைப் பின்னச் சொன்னார்கள். இன்னொரு சாராரிடம் கயிறு கொடுத்துப் பின்னச் சொன்னார்கள். விரல்கள் செய்யும் வேலை இரண்டிலும் ஒன்றுதான். அது முடிந்ததும், “புதிர் ஒன்றை விடுவிக்கிறீர்களா, குத்துச்சண்டைப் பையில் குத்துகிறீர்களா?” என்று கேட்டார்கள். கூந்தல் பின்னியவர்களில்தான் குத்துவதைத் தேர்ந்தெடுத்தவர்கள் அதிகம். மகளுக்குத் தலை பின்னிவிடுவது பெற்றோர் அன்றாடம் செய்கிற வேலை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதை மறுபடி படியுங்கள். பிறர் பார்க்கச் செய்த பராமரிப்பு வேலை ஆண்மையில் ஒரு பள்ளம் தோண்டுகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்பக் கைக்கு எட்டும் மண்ணாக முரட்டுத்தனம் கிடக்கிறது. நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில் பாதி இந்த ஒரு சோதனையிலேயே இருக்கிறது என்பேன்.

இந்தப் பாடம் எப்போது தொடங்குகிறது? பேச்சு வருவதற்கு முன்பே தொடங்குகிறது. 1976-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தை ஒன்றின் படத்தைக் கல்லூரி மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பெட்டியைத் திறந்துகொண்டு குபீரென்று எழும் பொம்மையைக் கண்டு அந்தக் குழந்தை அழுகிறது. ஆண் குழந்தை என்று சொல்லிக் காட்டியபோது, பார்த்தவர்கள் அந்த அழுகையைக் கோபம் என்றார்கள். பெண் குழந்தை என்று சொல்லிக் காட்டியபோது, பயம் என்றார்கள். ஒரே படம், ஒரே அழுகை. பயந்து அழுகிற குழந்தையை வாரி அணைப்போம். கோபத்தில் கத்துகிற குழந்தையை, கொஞ்சம் கத்தட்டும் என்று விட்டுவிடுவோம். அந்தச் சிறுவனுக்குப் பயம் என்று ஒன்று இருந்ததையே நாம் பார்க்கத் தவறுகிறோம். பிற்பாடு அவனும் அதைத் தன்னிடம் பார்க்கத் தெரியாமல் வளர்கிறான். மனைவியை அடித்துவிட்டு வந்து உட்காரும் ஆண்களிடம் “அடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்பு உங்களுக்கு என்ன தோன்றியது?” என்று கேட்பது என் வழக்கம். கிட்டத்தட்ட எல்லாரும் சொல்வது “கோபம்.” பொறுமையாக இன்னும் நான்கு கேள்வி கேட்டால் கோபத்துக்கு அடியிலிருந்து பயம் வெளியே வரும்: விட்டுப் போய்விடுவாள் என்ற பயம், சிரிப்பாள் என்ற பயம், தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்று தெரிந்துவிடும் என்ற பயம். இதை நான் அவர்களுக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. அடி அடிதான், பட்டவளுக்கு அதன் உளவியல் காரணம் மருந்தாகாது. ஆனால் பயத்துக்குப் பெயர் சொல்லத் தெரியாதவன் அதைக் கையால் பேசுகிறான்.

ஆண் குழந்தைதான் துணிச்சல் அதிகம் என்று பெற்றவர்கள் சத்தியம் செய்வதையும் நம்பிவிடாதீர்கள். 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில், பதினொரு மாதக் குழந்தைகள் எவ்வளவு செங்குத்தான சரிவில் தவழ்ந்து இறங்குவார்கள் என்று தாய்மாரிடம் முன்கூட்டியே கேட்டார்கள். மகன்களின் தாய்மார் கூட்டிச் சொன்னார்கள், மகள்களின் தாய்மார் குறைத்துச் சொன்னார்கள். சரிவில் விட்டுப் பார்த்தபோது ஆண், பெண் குழந்தைகளுக்கிடையே வேறுபாடே இல்லை.

சரி, ரத்தத்துக்கு வருவோம். உடம்புக்குப் பங்கே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். கொலைகளைப் பற்றி ஐ.நா. 2019-இல் வெளியிட்ட உலக அறிக்கையின்படி, சந்தேகத்துக்குள்ளானவர்களில் சுமார் 90 சதவீதம் ஆண்கள். கொல்லப்பட்டவர்களில் சுமார் 80 சதவீதமும் ஆண்கள்தான். எங்கு பார்த்தாலும் இதே திசை என்றால் உயிரியலை ஒரேயடியாகக் கைகழுவ முடியாது. ஆனால் உடம்பு நாம் நினைப்பதுபோல் கல்லில் செதுக்கியது அல்ல. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைத்தான் முரட்டுத்தனத்தின் ஊற்றுக்கண் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பிலிப்பைன்ஸின் செபு நகரில் 600-க்கும் மேற்பட்ட இளைஞர்களின் எச்சிலில் இதை 2005-இலும் 2009-இலும் அளந்தார்கள். இடையில் தந்தையானவர்களுக்கு அளவு நன்றாகக் குறைந்திருந்தது. நாள்தோறும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைக் கவனித்தவர்களுக்கு இன்னும் குறைவு.

இதைவிடச் சுவையான செய்தி தான்சானியாவிலிருந்து 2009-இல் வந்தது. அங்கே ஹட்ஸா, டடோகா என்று இரண்டு மக்கள் கூட்டத்தார் அக்கம்பக்கமாக வாழ்கிறார்கள். ஹட்ஸாக்கள் வேட்டையாடியும் கிழங்கு, பழம், தேன் சேகரித்தும் வாழ்பவர்கள். அவர்களில் தந்தையர் குழந்தைகளோடு நிறையவே இருப்பார்கள். டடோகாக்கள் மாடு மேய்ப்பவர்கள். கைக்குழந்தை அவர்களில் ஆண்களின் வேலையே இல்லை. ஹட்ஸா தந்தையருக்குக் குழந்தையில்லாத ஹட்ஸா ஆண்களைவிட டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருந்தது. டடோகாக்களிடம் தந்தைக்கும் தந்தையல்லாதவனுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. அதாவது, பிள்ளையைப் பெற்றதால் மட்டும் உடம்பு மாறுவதில்லை. பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்வது ஆணுக்கு அழகா இல்லையா என்று அந்தக் கூட்டம் எடுத்த முடிவு, உள்ளே ஹார்மோன் வரைக்கும் போய்த் தன் கையெழுத்தைப் போடுகிறது.

தந்தையின் கையே தொட்டிலாக இருக்கும் கூட்டத்தாரும் உண்டு. மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் ஆக்கா மக்களிடையே மானிடவியலாளர் பேரி ஹியூலெட் நீண்ட காலம் தங்கிக் கணக்கெடுத்தார். அவர் கணக்குப்படி, ஆக்கா தந்தை நாளின் 47 சதவீத நேரம் கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிறார் அல்லது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார். பாலுக்கு அழும் பிள்ளைக்கு, தாய் வரும்வரை, தன் மார்பைக் கொடுத்துச் சமாதானப்படுத்தும் தந்தையரும் அங்கே உண்டு, யாரும் சிரிப்பதில்லை. இவர்கள் பிறவியிலேயே சாதுக்கள் என்று கதை கட்ட வேண்டாம். கணவனும் மனைவியும் குழந்தையோடு சேர்ந்து போய் வலைகட்டி வேட்டையாடுகிறார்கள். பிழைப்பு இருவரையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறது. குழந்தையைப் பற்றிய பழக்கம் அங்கிருந்து வருகிறது.

பிழைப்பு எதிர்த்திசையிலும் இழுக்கும். மந்தை வளர்ப்பவனின் சொத்தை ஒரே இரவில் ஓட்டிக்கொண்டு போய்விடலாம். காவலோ நீதிமன்றமோ அருகில் இல்லாத இடத்தில், “இவனைத் தொட்டால் விடமாட்டான்” என்ற பெயர்தான் வேலி. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மந்தை வளர்ப்புப் பின்னணி கொண்டவர்கள் குடியேறியதால் இந்த மான உணர்வு அங்கே வேரூன்றியது என்பது உளவியலாளர்கள் ரிச்சர்ட் நிஸ்பெட், டொவ் கோஹென் ஆகியோரின் வாதம். 1996-இல் வெளியான அவர்கள் சோதனையில், குறுகலான நடைவழியில் ஒருவர் வேண்டுமென்றே மாணவரை இடித்துவிட்டு வசைச்சொல் ஒன்றை முணுமுணுத்துப் போவார். வடக்கத்தி மாணவர்கள் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. தெற்கத்தி மாணவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோனும் மனஅழுத்த ஹார்மோனும் ஏறின. அவர்கள் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள். மாடு மேய்த்தவர்கள் அல்லர். மந்தை போய்த் தலைமுறைகள் ஆகியும் வேலி மட்டும் நிற்கிறது. அந்த வேலியை அடுத்த தலைமுறைக்குக் கடத்தும் இடம் வீடுதான். “அடிவாங்கிக்கொண்டு வந்து நிற்காதே, திருப்பிக் கொடுத்துவிட்டு வா” என்று மகனை வாசலிலேயே திருப்பி அனுப்பும் தந்தை, தான் ஒரு மந்தையைக் காப்பதாகத்தான் உள்ளூர நம்புகிறார்.

ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழைய தமிழ்ப் புறப்பாடல் ஒன்று இந்த வேலைப் பங்கீட்டை வரிசையாகச் சொல்கிறது. பெற்று வளர்ப்பது தாயின் கடன், சான்றோன் ஆக்குவது தந்தையின் கடன், வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனின் கடன், நல்வழி தருவது அரசனின் கடன், போரில் யானையை வீழ்த்தி மீள்வது மகனின் கடன். பாடியவர் ஒரு பெண். கவித்துவத்தை ரசித்துக்கொண்டே பட்டியலின் போக்கையும் கவனியுங்கள்: தாய்மடியில் தொடங்கி, தந்தையையும் கொல்லனையும் கடந்து, போர்க்களத்தில் முடிகிறது. போர் தேவைப்படும் சமூகத்துக்கு இப்படிப்பட்ட மகன் தேவை. அவனை மடியிலிருந்து இறக்கிவிட ஒரு தந்தையும் தேவை.

குழந்தை என்றாலே தாய்தான் என்பதும் ஆதிகாலத்து விதி அல்ல. இங்கிலாந்தில் 1839 வரை சட்டப்படி குழந்தை தந்தைக்கே சொந்தம். பிரிந்து போகும் தாய் உரிமை கோர வழியே இருக்கவில்லை. அந்த ஆண்டு வந்த சட்டம்தான் ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காகத் தாய் நீதிமன்றத்தை அணுகலாம் என்றது. அதே காலகட்டத்தில் தொழிற்சாலையும் அலுவலகமும் ஆணை வீட்டைவிட்டு வெளியே இழுத்தன. வயலிலும் பட்டறையிலும் பிள்ளையின் கண்ணெதிரே உழைத்தவன், காலையில் மறைந்து இரவில் தோன்றும் சம்பளக்காரன் ஆனான். ஆக, இன்று ‘இயற்கை’ என்று நாம் சத்தியம் செய்யும் ஏற்பாட்டின் பெரும்பகுதி, பல நாடுகளில், நீராவி எந்திரத்தின் வயதுதான்.

அதன் விளைவு என்னவென்றால், தந்தை என்ற பதவியில் இரண்டே இலாகாக்கள் மிஞ்சின: சம்பாதிப்பது, தண்டிப்பது. வேலை போய்விட்டாலோ கடன் கழுத்தை நெரித்தாலோ முதல் இலாகா மூடப்படுகிறது. மிஞ்சுவது இரண்டாவது மட்டும். வீட்டில் தன் இடத்தைக் காட்ட வேறு எந்த மொழியும் கைவசம் இல்லாத ஆள் அதைப் பலமாகப் பேசுகிறார். குளிப்பாட்டவும் கதை சொல்லவும் காய்ச்சலில் இரவெல்லாம் விழித்திருக்கவும் பழகிய தந்தைக்கு வேலை போனாலும் வீட்டில் ஒரு நாற்காலி இருக்கிறது. இது நான் கண்ணால் பார்த்தது, பலமுறை பார்த்தது.

ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றுக்காக ஆசிய-பசிபிக் பகுதியின் ஆறு நாடுகளில் சுமார் 10,000 ஆண்களையே நேரில் விசாரித்தார்கள். இணையரை உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு உள்ளாக்கியதாக ஒப்புக்கொண்டவர்கள் ஓரிடத்தில் 26 சதவீதம், இன்னோரிடத்தில் 80 சதவீதம். ரத்தம்தான் காரணம் என்றால் இடத்துக்கு இடம் இத்தனை வித்தியாசம் எப்படி வரும்? சிறுவயதில் அடியும் புறக்கணிப்பும் பட்டவர்களிடம் இந்த வன்முறை அதிகம் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். குழந்தைகளை அடிப்பது ஆண்கள் மட்டும் அல்லர். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பத்தில் ஆறு பேர், அதாவது சுமார் 40 கோடிப் பேர், வீட்டில் அடியோ மிரட்டலோ வசையோ வழக்கமாகப் பெறுகிறார்கள் என்று யுனிசெஃப் 2024-இல் சொன்னது. அதில் தாயின் கையும் கணிசமாக உண்டு. நாள் முழுக்க ஒற்றை ஆளாகக் குழந்தையோடு அடைபட்டுக் கிடப்பவளின் பொறுமைக்கும் எல்லை உண்டே. தவிர, “உங்களுக்கு ஒன்றும் தெரியாது, கொடுங்கள் இப்படி” என்று தந்தையின் கையிலிருந்து பிள்ளையை வெடுக்கென்று வாங்கிக்கொள்வதும் தாய்மாரும் பாட்டிமாரும்தான். முதல் மாதத்தில் நாலு முறை இப்படி நடந்தால் ஐந்தாம் முறை அவன் கையை நீட்ட மாட்டான். தமிழில் ‘கைநீட்டுவது’ என்றால் தூக்கிக்கொள்ள நீட்டுவதும் உண்டு, அடிப்பதும் உண்டு. முதல் வகைக்கு இடமில்லாத வீடுகளில் இரண்டாவது வகை தாராளமாக அனுமதிக்கப்படுகிறது.

மாற்ற முடியுமா என்றால், மாறியிருக்கிறது. பெற்றோர் விடுப்பைத் தந்தைக்கும் திறந்துவிட்ட முதல் நாடு ஸ்வீடன், 1974-இல். முதல் ஆண்டில் ஆண்கள் எடுத்தது மொத்த விடுப்பு நாள்களில் ஒரு சதவீதம்கூட இல்லை. அரசு ஒரு சுவரொட்டி போட்டது: மலைபோன்ற பளுதூக்கும் வீரர் ஒருவர் கையில் கைக்குழந்தையோடு நிற்கிறார். பிள்ளை தூக்குவதற்கும் புஜத்திடம்தான் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது என்று எண்ணிச் சிரித்துக்கொள்வேன். சுவரொட்டியால் பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை. 1995-இல், தந்தை எடுக்காவிட்டால் ஒரு மாத விடுப்பு வீணாகிவிடும் என்று விதி வந்தது. பிறகு அது இரண்டு மாதமாகி, 2016-இல் மூன்று மாதமானது. இன்று நாள்களில் சுமார் 30 சதவீதத்தை ஆண்கள் எடுக்கிறார்கள். நல்ல எண்ணத்தைவிட நல்ல விதிக்கு வலு அதிகம் என்று எனக்குப் படுவது இதனால்தான்: “எனக்கென்ன ஆசையா, எடுக்காவிட்டால் ஒரு மாதம் வீணாகிவிடுமே” என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்ள அந்த ஆணுக்கு ஒரு சாக்குக் கிடைக்கிறது. பிள்ளைகளை அடிப்பதைச் சட்டத்தால் தடுத்த முதல் நாடும் அதுவே, 1979-இல். இன்று அந்தப் பட்டியலில் 60-க்கும் மேற்பட்ட நாடுகள்.

பணக்கார நாடு, அதனால் முடிந்தது என்பவர்களுக்கு ருவாண்டா இருக்கிறது. இனப்படுகொலையைக் கண்டு மீண்ட அந்த ஏழை நாட்டில், கர்ப்பிணிகளின் கணவர்களையும் சின்னஞ்சிறு குழந்தைகளின் தந்தையரையும் 15 முறை கூட்டி உட்காரவைத்தார்கள். சில அமர்வுகளுக்கு மனைவியரும் வந்தார்கள். பிரசவம், குழந்தை அழுதால் என்ன செய்வது, வீட்டுவேலை, பணம், சண்டை வந்தால் எப்படி விலகுவது என்று பேசினார்கள். குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை அது. 21 மாதம் கழித்து மனைவியரிடம் கேட்டபோது, கடந்த ஓராண்டில் கணவனிடம் அடிபட்டதாகச் சொன்னவர்கள், அமர்வுகளுக்குப் போன குழுவில் சுமார் 33 சதவீதம்; போகாத குழுவில் சுமார் 57. 33 என்பதும் கொடுமையான எண்தான். ஆனால் மனைவியை அடிக்காதே என்று மட்டும் மேடை போட்டுச் சொல்லியிருந்தால் இந்த இறக்கம் வந்திருக்குமா என்பது சந்தேகமே. அங்கே ஆண்களுக்கு நீட்டப்பட்டது ஒரு வேலை. பிள்ளைகளை அடிப்பதும் அந்த வீடுகளில் குறைந்தது, ஆனால் மனைவியை அடிப்பது குறைந்த அளவுக்கு இல்லை. மனைவியை அடிப்பது தப்பென்று ஒப்புக்கொண்ட பிறகும், பிள்ளையை அடிப்பதை ‘வளர்ப்பு’ என்றே அழைக்கிறோம். கடைசியாகப் போகும் பழக்கம் அதுதான் போலிருக்கிறது.

தம்ளர் வீட்டுக்காரரிடம் நான் பெரிய தத்துவம் எதுவும் பேசவில்லை. ‘அப்பா வரட்டும்’ என்பதை வீட்டில் நிறுத்தச் சொன்னேன். அதற்கு அவர் மனைவியின் சம்மதத்தை வாங்கத்தான் அதிக நேரம் பிடித்தது. மாலைக் குளியலும் தூங்கவைப்பதும் இனி அவர் பொறுப்பு, அந்த ஒரு மணி நேரம் வீட்டில் வேறு யாரும் குறுக்கிடக் கூடாது என்றும் சொன்னேன். முதல் வாரம் பையன் கண்ணில் சோப்பு போய் ஊரைக் கூட்டியிருக்கிறான். அம்மா கதவுக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறாள், உள்ளே போகவில்லை. மூன்று மாதம் கழித்து வந்தவர் மறுபடியும் ஒரு குறையோடுதான் வந்தார். பையன் படுத்த பிறகும் வாயை மூடுவதில்லையாம். அன்றைக்கு என்னென்ன உடைத்தான், யாரோடு சண்டை, யாருக்குப் பயந்தான் என்று ஒன்றுவிடாமல் ஒப்பிக்கிறானாம். “பத்து மணி ஆகிவிடுகிறது சார், எனக்குத் தூக்கமே போதவில்லை” என்றார்.